சின்னப் பொறிதானே என்று விட்டுவிடாதீர்கள்
ஸ்பாட் வெல்டிங் வேலையும் உடல்நலமும்



ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா நம்மிடம் வந்தார். அவர் கையில் ஒரு நீலச் சட்டை இருந்தது. அதை விரித்துக் காட்டினார்.

"இதப் பாருங்கய்யா. புதுச் சட்டை. ரெண்டு மாசங்கூட ஆகல. சல்லடை மாதிரி ஓட்டை. மகங்கிட்ட கேட்டா, 'வெல்டிங் பொறிம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல'ங்கிறான். சட்டையே இப்படின்னா, சட்டைக்குள்ள இருக்கிற ஒடம்பு என்னாகும்?"

நியாயமான கேள்வி. அந்த அம்மாவின் மகன் கார் பாகங்கள் செய்யும் ஒரு பேக்டரியில் ஸ்பாட் வெல்டிங் வேலை செய்கிறான். தோட்டத்து வாசலுக்கு வரும் பேக்டரி பஸ்ஸில் ஏறிப் போகும் நம் பிள்ளைகள் பலருக்கு இதுபோன்ற வேலைதான் கிடைக்கிறது. பால்மரம் சீவுவதிலும் குலை வெட்டுவதிலும் என்ன ஆபத்து என்று பெற்றோருக்குத் தெரியும். பிள்ளையின் வேலையில் என்ன ஆபத்து என்று தெரியாது. பிள்ளையும் சொல்வதில்லை. ஆகவே இம்முறை நம் பாடம் இதைப் பற்றியது.

இது என்ன வேலை?

தையற்காரர் இரண்டு துணிகளை நூலால் தைக்கிறார். ஸ்பாட் வெல்டிங் செய்பவர் இரண்டு இரும்புத் தகடுகளை மின்சாரத்தால் தைக்கிறார். நூலுக்குப் பதில் புள்ளி புள்ளியாக ஒட்டு விழும். அதனால்தான் இதைப் புள்ளிப் பற்றவைப்பு என்கிறோம். ஒரு காரின் உடம்பில் மட்டும் சில ஆயிரம் புள்ளிகள் உண்டு. துணி துவைக்கும் மெஷின், ஐஸ்பெட்டி, இரும்பு அலமாரி ஆகியவற்றிலும் இந்த ஒட்டைப் பார்க்கலாம்.

மெஷினில் மேலும் கீழுமாக இரண்டு செம்பு முனைகள் இருக்கும். நடுவில் தகடுகளை வைத்து, பெடலை மிதித்தால் அல்லது பொத்தானை அழுத்தினால் இரண்டு முனைகளும் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். பிறகு மின்சாரம் பாயும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்புத் தகட்டுக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ஆம்பியர் வரை தேவைப்படும். நேரமோ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில், தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சூடு 1,500 டிகிரியைத் தாண்டி இரும்பு உருகும். மின்சாரம் நின்ற பிறகும் முனைகள் சற்று நேரம் கவ்விக்கொண்டே இருக்கும். உருகியது இறுகி ஒட்டாகிவிடும்.

செம்பு முனை உருகாமல் தகடு மட்டும் ஏன் உருகுகிறது? செம்பில் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். அதற்குள் தண்ணீரும் ஓடி அதைக் குளிர வைக்கிறது. இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்திலோ தடை அதிகம். தடை உள்ள இடத்தில்தான் சூடு பிறக்கும். எலிஹு தாம்சன் என்ற அமெரிக்கர் 1886-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பெரிய கார் பேக்டரிகளில் ரோபோ கைகளே பெரும்பாலான புள்ளிகளை வைக்கின்றன. ஆனால் அந்தப் பேக்டரிகளுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்து கொடுக்கும் இடங்களில் இன்னமும் மனிதக் கைதான் தகட்டை எடுத்து முனைக்கு நடுவில் கொடுக்கிறது.

ஆபத்து ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

கேட் செய்யும் கடையில் வெல்டிங் பார்த்திருப்பீர்கள். கண்ணைக் குருடாக்கும் வெளிச்சம், முகத்தை மூடும் கறுப்புக் கண்ணாடி. பார்த்தவுடனே பயம் வரும், விலகி நிற்போம். ஸ்பாட் வெல்டிங்கில் அந்த வெளிச்சம் கிடையாது. 'டக்' என்று ஒரு சத்தம், சில நேரம் நாலு பொறி. அவ்வளவுதான். "இது லேசான வேலை" என்ற நினைப்பு இதனால்தான் வருகிறது.

பெரிய ஆபத்து ஒரே நாளில் தன்னைக் காட்டிக்கொள்ளும். சின்ன ஆபத்து அப்படியல்ல. மருந்தடித்த நம் பெண்களுக்கு இது தெரியும். விரல் நகம் கெட்டது, மூக்கில் இரத்தம் வந்தது, "மருந்துச் சூடுதான், சரியாப் போயிடும்" என்று எத்தனை ஆண்டுகள் இருந்தோம்! அந்தப் பாராகுவாட் மருந்து மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020-ஆம் ஆண்டில்தான். சின்னது என்று விட்டது எவ்வளவு பெரியதாகும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஸ்பாட் வெல்டிங்கிலும் ஆபத்துகள் சின்னச் சின்னதாகத்தான் வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கண்

முனைகள் கவ்வும்போது, உருகிய இரும்பு சில வேளைகளில் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். அதுதான் பொறி. கடுகைவிடச் சிறியது, ஆனால் அது சூடான இரும்பு. கண்ணில் பட்டால் கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நாள் கிடந்தால் அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்கும். பிறகு பொறியை எடுத்தாலும் துருவையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வை மங்கும்.

தடுப்பது எளிது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். பொறி அதிகமான இடத்தில் அதன் மேல் முகக் கவசமும் தேவை. இந்த வேலைக்குத் தெளிவான கண்ணாடியே போதும். ஆனால் பக்கத்தில் சாதாரண வெல்டிங் நடந்தால் இடையில் தடுப்புத் திரை இருக்கவேண்டும். அந்த வெளிச்சம் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும்.

தூசு விழுந்துவிட்டால் என்ன செய்வது? தேய்க்காதீர்கள். முந்தானை நுனியாலும் கைக்குட்டையாலும் எடுக்க முயலாதீர்கள். தாய்ப்பால் விடுவது நம் வீடுகளில் இன்னும் இருக்கும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள், கிருமி சேரும். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் போகாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணுக்குள் ஏதாவது குத்தி நிற்பதுபோல் தெரிந்தால் கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. காகிதக் குவளையின் அடிப்பாகம் போன்ற ஒன்றால் கண்ணில் படாமல் மறைத்து, உடனே அழைத்துச் செல்லுங்கள். டாக்டரிடம் "இரும்புத் தூள்" என்று கட்டாயம் சொல்லவேண்டும். கண்ணில் இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவரைக் காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அனுப்பக்கூடாது.

2. தோல்

சட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு நேராகத் தோலிலும் புள்ளிப் புள்ளியாகச் சூடு பட்டிருக்கும். பாலியெஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கனமான பருத்திச் சட்டையும் தோல் ஏப்ரனும்தான் இதற்குச் சரி. சட்டைக் கையை மடித்துவிடக் கூடாது. மூடியில்லாத பாக்கெட், மடித்த கால்சட்டை நுனி, திறந்த சப்பாத்து எல்லாம் பொறி வந்து உட்காரும் கூடுகள்.

சூடு பட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, கிச்சாப்பு, நல்லெண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தகட்டு விளிம்பு கத்தி போன்றது; கை கிழிந்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். நம்மவர்களிடையே இந்நோய் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சப்பாத்துக்குள் பொறி விழுந்தால்கூடத் தெரியாமல் போகலாம். தினமும் சிப்ட் முடிந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விரல்

இந்த வேலையின் மிகக் கொடிய விபத்து இதுதான். அந்தச் செம்பு முனைகள் தகட்டை ஏறக்குறைய 200 முதல் 300 கிலோ எடையின் பலத்தோடு கவ்வுகின்றன. நடுவில் விரல் இருந்தால் மெஷினுக்குத் தகடும் விரலும் ஒன்றுதான். எலும்பு நசுங்கும், தோல் கருகும்.

இதைத் தடுக்கத்தான் இரண்டு கைப் பொத்தான் வைக்கிறார்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் முனை இறங்கும்; ஆகவே கை நடுவில் இருக்க முடியாது. பெடல் மெஷின் என்றால் பெடலுக்கு மேல் மூடி இருக்கவேண்டும். இல்லையேல் கை நழுவி விழும் தகடே பெடலை மிதித்துவிடும். வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வது தன் விரலைத் தானே விலை பேசுவது. ஒருவர் தகடு பிடிக்க இன்னொருவர் மிதிப்பதும் கூடாது. முனையைத் துடைக்கவோ மாற்றவோ வேண்டுமானால் மின்சாரத்தையும் காற்றையும் அடைத்து, பூட்டுப் போட்ட பிறகே கை வைக்கவேண்டும்.

மோதிரம், கடிகாரம், வளையல் மூன்றையும் லாக்கரில் வைத்துவிட்டு நிற்கவேண்டும். அவை தகட்டில் மாட்டும்; அந்தப் பெரிய மின்சாரத்துக்குப் பக்கத்தில் சூடேறவும் கூடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத சகோதரிகள் வேலை நாட்களில் மஞ்சள் கயிற்றில் கோத்து, கழுத்து மூடிய சட்டைக்குள் அடக்கி வைத்துக்கொள்ளலாம்.

4. புகை

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "சனி, ஞாயிறு நல்லாத்தான் இருப்பான். திங்கக்கெழம வேலைக்குப் போயிட்டு வந்தா ராத்திரி குளிரெடுத்துக் காய்ச்சல். புதன்கெழம சரியாப் போயிடும். பேய் புடிச்சிருக்குமோன்னு கயிறு கட்டிப் பார்த்தேன்."

பேயில்லை, தாயே. இது உலோகப் புகைக் காய்ச்சலாக இருக்கலாம். துருப் பிடிக்காமலிருக்கத் தகட்டின் மேல் சிங்க் பூசுகிறார்கள். லயத்துக் கூரையில் போடும் சிங்க் தகட்டின் மேலிருக்கும் அதே பூச்சுதான். சிங்க் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகும் சூட்டில் அது புகையாகாமல் என்ன செய்யும்? காற்றோட்டமில்லாத இடத்தில் அந்தப் புகையை இழுத்தால், சில மணி நேரம் கழித்து வாயில் உலோகச் சுவை, தலைவலி, உடம்பு வலி, குளிர், காய்ச்சல் வரும். ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். தினமும் புகையில் நிற்கும் உடம்பு அதற்குச் சற்றுப் பழகிக்கொள்ளும். இரண்டு நாள் ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அதனால்தான் திங்கட்கிழமை வருகிறது.

சாதாரண வெல்டிங்கைவிட ஸ்பாட் வெல்டிங்கில் இந்தப் புகை குறைவுதான். ஆனால் பத்து மெஷின்கள் ஓர் அடைத்த கூடத்தில் நாள் முழுவதும் ஓடினால் குறைவு என்று சொல்ல முடியாது. தகட்டில் இருக்கும் எண்ணெயும், தகடுகளுக்கு நடுவில் தடவும் பசையும் எரியும்போது வேறு புகையும் வரும். அது தொண்டையையும் மூச்சுக் குழலையும் அரிக்கும். ஆஸ்துமா உள்ளவர் வேலையில் சேரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, காய்ச்சல் வந்தால் எல்லாம் புகைக் காய்ச்சல் என்று நீங்களே முடிவு கட்டக்கூடாது. நம் நாட்டில் டெங்கியும் இருக்கிறது, எலிக் காய்ச்சலும் இருக்கிறது. இரண்டு நாளில் இறங்காத காய்ச்சல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, வயிற்று வலி, பல் ஈறில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுக்கலாம், ஆஸ்பிரின் கூடாது.

இரண்டாவது, "வெல்டிங் புகைக்குப் பால் குடிச்சா போதும்" என்ற நம்பிக்கை. பால் நல்ல உணவு. பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. ஒரு டம்ளர் பாலால் நுரையீரலைக் கழுவ முடியாது. புகை பிறக்கும் இடத்திலேயே அதை இழுத்து வெளியேற்றும் குழாயும் விசிறியும்தான் மருந்து.

5. காது, தோள், மணிக்கட்டு

தகடு தகட்டில் மோதும் சத்தம், காற்று பீறிடும் சத்தம், பக்கத்துப் பிரஸ் மெஷின் சத்தம். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே காதுக்குக் கேடு விளையும் அளவு சத்தம் இருக்கிறது என்று கொள்ளலாம். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் சத்த விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபெல். அதைத் தாண்டும் இடத்தில் காதுச் செருகி கொடுப்பதும், காதுச் சோதனை செய்வதும் நிர்வாகத்தின் கடமை. சத்தத்தால் போன காது திரும்பாது.

சில இடங்களில் மேலிருந்து தொங்கும் கனமான வெல்டிங் கன்னை இழுத்து இழுத்துப் புள்ளி வைக்க வேண்டும். அதைத் தாங்கும் சுருள் சரியாக இருந்தால் கன் கைக்கு லேசாக வரும். சுருள் தளர்ந்தால் முழுப் பாரமும் தோளில் இறங்கும். இரவில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறது என்பது பொருளாக இருக்கலாம். தொடக்கத்திலேயே காட்டினால் ஓய்வும் கட்டும் போதும். விட்டுவிட்டால் கையில் பிடி தளரும். ஒரே ஆள் ஒரே மெஷினில் நாள் முழுவதும் நிற்காமல், ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவது நல்ல முறை.

6. மின்சாரமும் காந்தமும்

முனையில் ஆம்பியர் அதிகம். ஆனால் வோல்ட் மிகக் குறைவு. அதனால் தகட்டைத் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. இதைப் பார்த்து மெஷின் முழுவதுமே அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். உள்ளே வரும் மின்சாரம் 400 வோல்ட் அளவு இருக்கும். அது ஆளைக் கொல்லும். தண்ணீர்க் குழாய் கசிந்து தரை ஈரமாக இருந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லிப் பழுது பார்க்க வைக்கவேண்டும். பெட்டியைத் திறப்பது மின்சார வேலை தெரிந்தவரின் வேலை.

பெரிய மின்சாரம் பாயும் இடத்தில் வலுவான காந்தப் புலமும் உண்டாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மெஷினுக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

பொறி அதிகம் பறந்தால் மெஷின் ஏதோ சொல்கிறது

தோழர்களே, ஒரு முக்கியமான விஷயம். பொறி பறப்பது இந்த வேலையின் தலைவிதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. செம்பு முனை தேய்ந்து அகலமாகிவிட்டால், தகட்டில் அழுக்கோ துருவோ இருந்தால், இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி இருந்தால், மின்சாரம் அதிகமாகவோ அழுத்தம் குறைவாகவோ வைத்திருந்தால், பொறி அதிகமாகும். அளவைச் சரியாக வைத்து, முனையை உரிய நேரத்தில் தீட்டினால் பொறி வெகுவாகக் குறையும்.

அது மட்டுமல்ல. வெளியே பறக்கும் ஒவ்வொரு பொறியும் ஒட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய இரும்பு. பொறி பறந்த ஒட்டு பலம் குறைந்த ஒட்டாக இருக்கலாம். ஆகவே "மெஷினில பொறி அதிகமா வருது, பாருங்க" என்று தொழிலாளி சொல்வது சோம்பேறித்தனமல்ல. அவன் தன் கண்ணையும் காக்கிறான். முதலாளியின் பொருளையும் காக்கிறான். நிர்வாகத்திடம் பேசும்போது இந்த நியாயத்தையே எடுத்துச் சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கும் இது விளங்கும்.

அன்றே சொல்லுங்கள், அன்றே எழுதுங்கள்

இனி அந்தப் பையனின் கதைக்கு வருவோம். அவனை அழைத்துப் பேசினோம். சென்ற ஆண்டு ஒரு நாள் பொறி கண்ணில் பட்டிருக்கிறது. கழுவிவிட்டு மீண்டும் மெஷினில் நின்றுவிட்டான். "ஏன் தம்பி சொல்லல?" என்று கேட்டோம். "அப்ப வேலை இன்னும் கன்பர்ம் ஆகலங்க. எம்.சி. எடுத்தா அலவன்ஸ் போயிடும். ஒரு சின்னப் பொறிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றான். மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கித் தாங்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். துருவைச் சுரண்டி எடுத்தார்கள். கண் தப்பியது, ஆனால் அந்தக் கண்ணில் ஓரமாக ஒரு மங்கல் நின்றுவிட்டது. பேக்டரியில் கேட்டால், "அப்படி ஒரு விபத்து நடந்ததாக இங்கே பதிவே இல்லையே" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. பதிவு இல்லைதான். அவன் சொல்லவே இல்லையே!

பையன் செய்த ஒரே தவறு, சின்னது என்று விட்டதுதான். இந்தத் தவறை உங்கள் வீட்டுப் பிள்ளை செய்யாமலிருக்கச் சட்டம் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொக்சோ சட்டம் 1969-ஆம் ஆண்டில் வந்தது. வேலையில் காயம் பட்டால் தொழிலாளி எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிர்வாகத்திடம் தெரிவிக்கவேண்டும். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். காயம்பட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் டாக்டர் எம்.சி. கொடுத்தால், தற்காலிக ஊனத் தொகையாகத் தினச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கண்ணோ கையோ நிரந்தரமாகக் கெட்டால் அதற்குத் தனி உதவி உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் சேரும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த முதல் நாள் பதிவு.

தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் சொல்லியும் அது நீக்கப்படாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ள உரிமை உண்டு. டேப் ஒட்டிய பொத்தானும் தண்ணீர் ஒழுகும் மின்பெட்டியும் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான். பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

தாய்மார்களே, பேக்டரிக்குள் நீங்கள் போக முடியாது. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வரும் நிலையைப் பார்க்க முடியும். சட்டையில் ஓட்டை கூடுகிறதா? கண்ணைக் கசக்குகிறானா? டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறானா? திங்கட்கிழமை காய்ச்சலா? ராத்திரி கையை உதறுகிறானா? கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்; திட்டினால் மறைப்பான்.

ஓர் ஆறு மாதம் ஒரு பள்ளிக்கூட நோட்டை வீட்டில் வைத்து எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், எந்த மெஷின், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னான், எந்தக் கிளினிக். இவ்வளவும் நாலு வரிதான். எம்.சி.யின் நகலையும் கிளினிக் ரசீதையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். டாக்டரிடம் "பேக்டரியில வேலை" என்று மட்டும் சொன்னால் போதாது. "ஸ்பாட் வெல்டிங், சிங்க் தகடு, பொறி பட்டுச்சு" என்று விளக்கமாகச் சொல்லவேண்டும். அப்போதுதான் அவர் சரியாகப் பார்ப்பார்; சரியாக எழுதுவார்.

பேக்டரியில் சங்கம் இருந்தால் பிள்ளையை அதில் சேரச் சொல்லுங்கள். சொக்சோ படிவம் புரியவில்லையென்றால் நம் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். அவர் பிள்ளை வேறு சங்கம், இவர் பிள்ளை வேறு வேலை என்று நாம் பார்ப்பதில்லை.

நினைவில் கொள்க

1. கண்ணாடி போடாமல் மெஷின் முன் நிற்காதே. கண்ணில் தூசு போகாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.
2. சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். வேறு எதுவும் தடவாதே.
3. இரண்டு கைப் பொத்தானை ஏமாற்றாதே. மோதிரம், கடிகாரம் கழற்று.
4. புகைக்குப் பால் மருந்தல்ல; காற்றோட்டமே மருந்து. இரண்டு நாளில் இறங்காத காய்ச்சலுக்கு இரத்தச் சோதனை.
5. பொறி கூடினால் மெஷினைப் பார்க்கச் சொல்.
6. எது நடந்தாலும் அன்றே சொல், அன்றே எழுது.

அந்த அம்மா புறப்படும்போது சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இந்தச் சட்டையத் தூக்கிப் போட்டுறவா?" வேண்டாம் அம்மா. தைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லவும் வேண்டாம். அதைப் பையனிடமே கொடுத்து, அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லுங்கள் என்றோம்.

பையன் அப்படியே செய்தான். இப்போது அந்த வரிசையில் நிற்பவர்களுக்குத் தோல் ஏப்ரன் கொடுத்திருக்கிறார்களாம். சிப்ட் தொடங்குமுன் செம்பு முனையையும் பார்க்கிறார்களாம். புகையை இழுக்கும் குழாய்தான் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்கப் போவதாகச் சொன்னான். கேட்கட்டும். நாமும் அவனுக்குத் துணை நிற்போம்.